கரமனையில் ஒரு ஜப்பானிய யந்திரம்

திருவனந்தபுரத்துக்காரர்களிடம் பழைய மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், காலஞ்சென்ற உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் மெர்சிடிஸ் பென்ஸைத்தான் முதலில் பிரஸ்தாபிப்பார்கள், சி.ஏ.என். 42 என்னும் அதன் பதிவு எண்ணைக்கூடப் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அரண்மனை வண்டிக்கு உரிய மரியாதை கிடைத்ததில் எனக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை. ஆனால் அரண்மனையோடு யாதொரு சம்பந்தமும் இல்லாமல், பாலைவன தேசங்களில் வேர்வை சிந்திச் சம்பாதித்தவர்கள் ஊர் திரும்புகையில் கப்பலேற்றிக் கொண்டுவந்த ஜப்பானிய வண்டிகள் சிலவும் இதே நகரத்தின் வீதிகளில் ஓடின. அவற்றைப் பற்றி எழுதி வைத்தவர் யாரையும் நான் காணவில்லை. அவற்றுள் ஒன்றோடு என் ஆயுளில் ஒரு பெரும்பகுதி கழிந்துவிட்டபடியால், அந்தக் குறையை என்னால் இயன்ற மட்டும் நிவர்த்தி செய்யலாம் என்று துணிகிறேன்.

1970-களில் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் விடுமுறையில் வரும்போது டேப் ரிகார்டரும் அத்தரும் வெளிநாட்டுச் சேலையும் கொண்டுவந்தார்கள் என்றால், நிரந்தரமாகத் திரும்பியவர்களில் வசதி படைத்த ஓரிருவர், குடிபெயர்ந்து வருவோருக்குச் சர்க்கார் அளித்த சலுகையின் கீழ், தாம் அங்கே ஓட்டிய வண்டியையே கொண்டுவந்துவிட்டார்கள். அம்பாஸடரையும் பியட்டையும் தவிர வேறொன்றை அறியாத நம் சாலையில் கொரோலாவும் டாட்ஸனும் வந்து நின்றபோது, சாலைத் தெருவில் மூட்டை இறக்கும் தொழிலாளிகள்கூட ஒரு நிமிஷம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். பெரும்பாலானவற்றுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். சட்டம் அதைத் தடுக்கவில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ஆம் பிரிவுங்கூட, கைகாட்டுவதற்குப் பதிலாகச் சைகை காட்டும் கருவி வேலை செய்யும் நிலையில் இருந்தால் இடப்பக்க ஸ்டியரிங் வண்டியை ஓட்டலாம் என்றே சொல்கிறது. லாரியை முந்துவதற்குமுன் எதிரே என்ன வருகிறது என்று பார்த்துச் சொல்ல வலப்பக்கத்தில் ஓர் ஆள் அவசியம் என்பது சட்டத்தில் எழுதப்படாத உபவிதி.

கரமனையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்த ஒரு சேட்டன் குவைத்திலிருந்து கொண்டுவந்தது, 1972-ஆம் வருஷத்து டொயோட்டா செலிக்கா 1600 ஜி.டி. அவருக்குக் கண்பார்வை மங்கிய பின், சாலைக் கம்போளத்தில் பலசரக்கு மண்டி வைத்திருந்த எங்கள் குடும்பத்திடம் பழைய ஒரு கணக்கைத் தீர்க்கும் வகையில் அந்த வண்டி வந்து சேர்ந்தது. என் தகப்பனார் அதைப் பார்த்த மாத்திரத்தில், "மூட்டை ஏற்ற இடமில்லை, பெட்ரோலில் ஓடுகிறது, இரண்டு கதவுதான், இதை யார் தலையில் கட்டலாம்?" என்று கேட்டார். வியாபார திருஷ்டியில் அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் நான் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டேன்.

அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லியாக வேண்டும். அம்பாஸடரின் எஞ்சினில் காம் ஷாஃப்ட் கீழே, பிளாக்கின் பக்கவாட்டில் ஒளிந்திருக்கும். அது நீண்ட கம்பிகளைத் தள்ள, கம்பிகள் மேலேயுள்ள ராக்கர்களை அசைக்க, ராக்கர்கள் வால்வுகளை அழுத்தித் திறக்கும். இத்தனை கைமாறி ஆணை போய்ச் சேருவதால் எஞ்சின் வேகமாகச் சுழலத் தொடங்கினால் வால்வுகள் பின்தங்கிவிடும். டொயோட்டா கம்பெனி 2டி-ஜி என்று பெயரிட்டு 1970-ஆம் வருஷக் கடைசியில் வெளியிட்ட எஞ்சினில் இந்த இடைத்தரகர்களே கிடையாது. ஹெட்டின் மேலேயே இரண்டு காம் ஷாஃப்டுகள். ஒன்று காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வுகளுக்கு, மற்றொன்று புகை வெளியேறும் வால்வுகளுக்கு. இரண்டும் தத்தம் வால்வுகளை நேராகவே அழுத்தும். அரைக்கோள வடிவமான எரியறை. இரு பக்கமும் சாய்ந்து நிற்கும் பெரிய வால்வுகள். நடுவே ஸ்பார்க் பிளக். 85 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள சிலிண்டர்கள் நான்கு சேர்ந்து 1588 கன சென்டிமீட்டர். அம்பாஸடருக்கு 1489. கொள்ளளவில் வித்தியாசம் சொற்பம்தான். ஆனால் அம்பாஸடர் ஏறக்குறைய 50 குதிரைச் சக்தி தந்த அக்காலத்தில், ஜப்பானியர் தங்கள் கணக்கின்படி இதற்கு நிமிஷத்துக்கு 6400 சுற்றில் 115 என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் கணக்கில் கொஞ்சம் தாராளம் உண்டு என்று தள்ளுபடி செய்தாலும் இரட்டிப்பு நிற்கும்.

இதன் ஹெட்டை உருவாக்கியதில் யமஹா மோட்டார் கம்பெனிக்கும் பங்குண்டு. டோராகுசு யமஹா என்பவர் 1887-இல் காற்றுத் துருத்தியால் ஒலிக்கும் ஆர்கன் செய்யத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஸ்தாபனத்தின் கிளைதான் அது. இன்றும் அவர்கள் முத்திரையில் இருப்பவை சுருதி பார்க்கும் மூன்று கவைகள். 1967-இல் டொயோட்டா 2000 ஜி.டி. என்ற அபூர்வமான வண்டிக்கு இவ்விரு கம்பெனிகளும் கூடி ட்வின் காம் எஞ்சின் செய்த அனுபவமே பின்னர் சாமானியர் வாங்கக்கூடிய 2டி-ஜிக்கு வழி திறந்தது. ஜப்பானியருக்கு இந்த ட்வின் காம் மோகம் இன்னும் முந்தியது என்பதையும் சொல்ல வேண்டும்: ஹோண்டா கம்பெனி 1963-இல் டி360 என்ற சிறிய சரக்கு வண்டிக்கே இத்தகைய எஞ்சினைப் பொருத்தியது. மளிகை மூட்டை சுமக்கும் வண்டிக்குப் பந்தய எஞ்சின்! என் தகப்பனாரிடம் இதைச் சொன்னபோது, அந்தத் தேசத்தில் வியாபாரிகளுக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

எஞ்சினைத் தொட்டுப் பழகியவர் ஒருவரைத் தேடி அலைந்ததில், கிள்ளிப்பாலத்தை அடுத்து ஒரு தகரக் கொட்டகையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் வாய்த்தார். எல்லாரும் அவரை ஆசான் என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். லாரி எஞ்சின்களில் கை தேர்ந்தவர். முதல் நாள் அவர் அந்த எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, எண்ணெய் பளபளக்கும் இரண்டு காம் ஷாஃப்டுகளையும் நெடுநேரம் தொடாமலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, இத செஞ்சவன் லேசுப்பட்டவன் இல்ல. இன்னைக்கு நான் கை வைக்க மாட்டேன், புஸ்தகம் இருந்தா கொண்டு வாங்க" என்றார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. படங்களைப் பார்த்தார், எண்களை நான் வாசித்துச் சொன்னேன். எங்கள் சிநேகம் அப்படி ஆரம்பமாயிற்று.

வால்வு இடைவெளி சரிசெய்வது அம்பாஸடரில் டீ ஆறுவதற்குள் முடிகிற காரியம். ராக்கரின் திருகைத் தளர்த்தி, ஃபீலர் கேஜைச் செருகி, மறுபடி முறுக்கினால் தீர்ந்தது. இந்த எஞ்சினிலோ காம் ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் இடையே கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற பக்கெட் ஒன்று உண்டு. அந்தப் பக்கெட்டுக்கும் அடியில், வால்வின் தலைமேல், சிறிய எஃகு வில்லை ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்த ஷிம்மின் கனந்தான் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் காம் ஷாஃப்டையே கழற்ற வேண்டும். ஆகையால் முதலில் எட்டு வால்வுகளின் இடைவெளியையும் அளந்து ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொள்வோம். பிறகு டைமிங் செயினைப் பல்சக்கரத்திலிருந்து விடுவிக்குமுன் ஆசான் அதை ஒரு மெல்லிய கம்பியால் மேலே இழுத்துக் கட்டுவார். அந்தக் கம்பியைக் கட்டும்போது மட்டும் ஒர்க்‌ஷாப்பில் ரேடியோவை நிறுத்தச் சொல்லிவிடுவார். "செயின் உள்ள விழுந்துச்சுன்னா முன்பக்கம் பூராவும் பிரிக்கணும், பாத்துக்கிடுங்க" என்பார். அதன் பின் காம் ஷாஃப்டின் கேப்புகளை ஒன்றை மட்டும் கழற்றிவிடாமல், எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துவார். அவசரப்பட்டால் வால்வு ஸ்பிரிங்குகள் ஒரு பக்கமாக உந்தி ஷாஃப்டை முறித்தாலும் முறித்துவிடும். வெளியே எடுத்த பக்கெட்டுகளும் ஷிம்களும் இடம் மாறிவிடாதபடி முட்டை வைக்கும் அட்டைத் தட்டில் வரிசையாகப் போய் அமரும்.

இனித்தான் சங்கடம். தாளில் எழுதிய கணக்கின்படி எந்த வால்வுக்கு எவ்வளவு கனத்தில் ஷிம் வேண்டும் என்பது தெரியும். ஆனால் அந்தக் கனத்தில் ஷிம் இந்தியா முழுவதிலும் கிடைக்காது. டொயோட்டா இந்த நாட்டில் கார்க் கம்பெனி தொடங்கியது 1997-இல். அதன் முதல் வண்டியான குவாலிஸை விற்றது 2000-இல்.  சேட்டனின் தம்பி குவைத்தில் இருந்தவரை கடிதம் எழுதினால் விடுமுறைக்கு வருபவர் யாரிடமாவது பொட்டலம் வரும். 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. நாங்கள் கேட்டிருந்த டைமிங் செயின் டென்ஷனர் வரவில்லை, அந்தத் தம்பி மட்டும் அம்மான் வழியாக, உடுத்திய உடையோடு விமானத்தில் வந்து இறங்கினார். அவர் வந்ததே போதும் என்று பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்தார்கள். டென்ஷனரைப் பற்றி அவர் வீட்டில் பேச எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று திருவனந்தபுரம் விமான நிலையம் சர்வதேச நிலையமாயிற்று; நான்கு பெருநகரங்களுக்கு வெளியே அந்த அந்தஸ்தைப் பெற்றது அதுவே முதல். அதன் பின் ஷார்ஜாவின் இன்டஸ்ட்ரியல் ஏரியாவிலுள்ள பழைய சாமான் கடைகள் எங்களுக்கு ஆபத்பாந்தவர்களாயின. பிஸ்டன் ரிங்குகள் ஒருவருடைய குழந்தைக்கு வாங்கிய பால்பவுடர் டப்பாக்களுக்கு இடையே வந்தன, 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கம்பளிப் போர்வையில் சுருட்டி வந்தன. வராதவற்றுக்குச் சென்னைப் புதுப்பேட்டை. அங்கே கடை வாசலில் எஞ்சின்களை மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். இன்ன மாடல் என்று வாயால் சொன்னால் இல்லை என்று தலையாட்டுவார்கள், சாமானைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் உள்ளே போய் அதற்கு அண்ணன் தம்பி முறையான ஒன்றை எடுத்துவருவார்கள். ஷிம்களுக்கோ நம் ஊரிலேயே வழி பிறந்தது. தும்பாவில் ராக்கெட் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மெஷினிஸ்ட் ஒருவர், சொந்தமாகச் சிறிய கிரைண்டிங் பட்டறை வைத்திருந்தார். கனம் மிஞ்சிய ஷிம்மின் ஒரு முகத்தை மட்டும், காந்தப் பலகையில் ஒட்ட வைத்து, நூற்றில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் தேய்த்துக் கொடுப்பார். விலை கேட்டால் சிரிப்பார். ஒரு முறை மட்டும், "ராக்கெட் ஒரு தடவைதான் மேலே போகும், உங்கள் வால்வு நிமிஷத்துக்கு மூவாயிரம் தடவை போய் வருகிறதே, இதுதான் கஷ்டமான வேலை" என்றார்.

இப்படித் தேய்த்த ஷிம் டொயோட்டாவின் ஷிம்மா, கரமனையின் ஷிம்மா? பராமரிப்பு வேறு, மாற்றம் வேறு என்று பிரித்துப் பேசுவது சாமான் கிடைக்கிற தேசத்தில் நடக்கும். சாமான் கிடைக்காத இடத்தில் ஒவ்வொரு ரிப்பேரும் ஒரு மாற்றமே என்பதுதான் என் அபிப்பிராயம். இதை நான் வாதத்துக்காகச் சொல்லவில்லை, பின்னால் இதற்கு ஒரு விவகாரமே வந்தது.

அதற்குமுன் ஆற்றுகால் பொங்கலைச் சமயத்தில் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். பொங்கலைக்கு முந்தின தினம் நகரம் எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர் அறிவர்: கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நடைபாதையெல்லாம் செங்கல் அடுப்புகள், கூட்டங்கூட்டமாய்ப் பெண்கள், நடுவே ஊர்ந்து செல்லும் வண்டிகள். செலிக்காவின் ரேடியேட்டர் விசிறி எஞ்சினோடு பெல்ட்டால் பிணைந்தது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். கும்ப மாத வெயிலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் என்ன ஆகும்? அலுமினிய ஹெட் வளைந்துவிட்டது. அதைச் சமன்படுத்த வேறொரு ஊரிலுள்ள பட்டறைக்கு அனுப்பியதில், அவர்கள் சீவ வேண்டிய அளவுக்கு மேலே சீவி அனுப்பிவிட்டார்கள். ஹெட் மெலிந்தால் எரியறை சுருங்கும். எரியறை சுருங்கினால் கம்ப்ரெஷன் ஏறும். பிறவியிலேயே 9.8 கம்ப்ரெஷன் உள்ள எஞ்சின், உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலை உத்தேசித்துச் செய்தது. நம் ஊர்ச் சாதாரண பெட்ரோலில் அது முன்பே முணுமுணுத்துக்கொண்டிருந்தது, இப்போது மேட்டில் ஏறினால் டிக்டிக்கென்று வாய்விட்டே நாக்கிங் செய்தது. அதோடு, ஹெட் தாழ்ந்ததால் செயின் தளர்ந்து காம்களின் டைமிங்கும் சற்றுப் பின்தங்கியது.

ஆசான் யோசித்துச் செய்த பரிகாரம் இது. கோயம்புத்தூரில் செம்புத் தகட்டில், வழக்கத்தைவிடக் கனமாக, ஒரு ஹெட் கேஸ்கெட் வெட்டுவித்தார். சீவிப் போன கனத்தைக் கேஸ்கெட்டின் கனம் ஈடு செய்துவிட்டால் கம்ப்ரெஷனும் பழைய நிலைக்கு வரும், காம்களும் பழைய உயரத்துக்குப் போகும். செம்பை அப்படியே பொருத்தக் கூடாது. கரி அடுப்பில் தகடு முழுவதும் ஒரே சீராகச் சிவக்கும்வரை காய்ச்சி, இடுக்கியால் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். இரும்பைக் காய்ச்சி நீரில் தோய்த்தால் இறுகும், செம்போ அதற்கு நேர்மாறான ஸ்வபாவம் உடையது, தளர்ந்து மெத்தென்று ஆகிவிடும். தொட்டியிலிருந்து எடுத்தபோது தகடு இளஞ்சிவப்பில் பட்டுப்போல இருந்தது. அதுவரை விறைத்து நின்றது அவர் கையில் துவண்டது. இரு பக்கமும் அலுமினியப் பெயின்ட் ஒரு கை பூசி, பிசுபிசுப்பு ஆறுவதற்குள் ஹெட்டை இறக்கினார். முதல் சில தினங்கள் ஒரு மூலையில் தண்ணீர் கசிந்தது; போல்ட்டுகளை இரண்டாம் தடவை முறுக்கியதும் நின்றது. விசிறிக்கு மாருதி 800-இன் மின்சார விசிறியை ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தினோம். எஞ்சின் வேகம் எதுவானாலும், சூடு ஏறினால் அது தானே சுற்றும். அந்த மாருதி விசிறிக்குப் பிறகு எத்தனையோ பொங்கலை வந்துபோய்விட்டது. ஹெட் மறுபடி வளையவில்லை.

கார்புரேட்டர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடிவே இராது. ஆனாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸ் தேசத்து ஸோலெக்ஸின் உரிமம் பெற்று ஜப்பானில் மிகுனி கம்பெனி செய்த 40 பி.எச்.எச். என்ற படுக்கைவாட்டுக் கார்புரேட்டர்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு தொண்டைகள். ஆக ஒரு சிலிண்டருக்கு ஒரு தொண்டை. நான்கும் ஒரே அளவு மூச்சிழுக்க வேண்டும். இதை அளக்க மீட்டர் உண்டு. ஆசானிடம் இருந்தது ஒரு முழம் ரப்பர் குழாய். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையைத் தொண்டைகளின் வாயில் ஒன்று மாற்றி ஒன்றாகக் காட்டி, உஸ்ஸென்ற அந்த ஓசை நான்கிலும் ஒரே சுருதியில் கேட்கும்வரை இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கும் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். பிற்காலத்தில் நான் வாங்கிக் கொடுத்த மீட்டரில் பார்த்தபோது அவர் காதுக்கும் முள்ளுக்கும் பேதம் அற்பமாகவே இருந்தது. மீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். அப்புறம் அதை எடுக்கவில்லை.

மழையும் பெட்ரோலும் எங்களுக்கு வேறு பாடங்கள் கற்பித்தன. இடவப்பாதி மழை தொடங்கினால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் ஏறிப் பாயின்ட் கருகும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்து அதைப் பச்சை பூக்கச் செய்யும். ஆகவே பாயின்ட்டையும் கண்டென்சரையும் எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தோம். அந்தச் சில்லறை உபத்திரவம் அதோடு ஒழிந்தது. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றுபோனபோது வால்வு ஸீட்டுகள் தேய்ந்துவிடும் என்று பலர் பயமுறுத்தினார்கள். நாங்கள் கவனித்தவரையில் பெரிதாக ஒன்றும் நேரவில்லை. எத்தனால்தான் மெய்யான விரோதியாக வந்து வாய்த்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வண்டி ஒரு மாதம் நின்றால் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி படியும். ஆக்ஸிலரேட்டர் பம்பின் ரப்பர் டயஃப்ரம் ஊதிப்போய் நெளியும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே வழக்கமாகிவிட்டதால், டயஃப்ரம், ஓரிங், குழாய் யாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பரில் மாற்ற வேண்டியதாயிற்று. எத்தனால் தன்னோடு பிராணவாயுவையும் கொண்டுவருவதால் கலவை வறண்டுவிடும் என்பதனால் மெயின் ஜெட்டுகளையும் ஒரு படி பெரிதாக்கினோம்.

இவையெல்லாம் போக, கேளாமலே யோசனை சொல்பவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. தொண்ணூறுகளில் சாலைக் கம்போளத்து நண்பர்களின் ஏகமனதான தீர்மானம், இந்த எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு டீசல் எஞ்சின் ஒன்றை இறக்கிவிட வேண்டும் என்பது. கேரளத்தில் அது அப்போது சர்வ சாதாரணம்; எத்தனையோ நல்ல பெட்ரோல் வண்டிகள் இப்படி மதம் மாறி, உறுமிக்கொண்டு திரிந்தன. பிறகு வந்த தலைமுறைக்கு வேறு ஆசை. காம்களை இன்னும் கூர்மையாக்கலாம், கம்ப்ரெஷனை ஏற்றலாம், டர்போ வைக்கலாம் என்று காலேஜ் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். 1975-இல் பின்லாந்தின் ஆயிரம் ஏரிகள் ராலியில் ஹன்னு மிக்கோலா வென்ற கொரோலாவில் இருந்தது இதே 2டி-ஜியின் பதினாறு வால்வுப் பதிப்பு என்பதைச் சொல்லி ஆசானை மயக்கப் பார்ப்பார்கள். ஆசான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்க ஐஸ்கட்டி, இங்க வெயில், அவனுக்குப் பெட்ரோல் வேற, நமக்கு வேற" என்று அனுப்பிவிடுவார். அவர் சொன்னதுதான் எனக்கும் சித்தாந்தம். ஒரு பழைய எஞ்சினில் செய்யத் தகுந்த மாற்றம், அது இருக்கும் ஊரின் வெயிலுக்கும் மழைக்கும் எண்ணெய்க்கும் அதைப் பழக்குவதற்குச் செய்யும் மாற்றந்தான். வேகத்துக்காகச் செய்வது பெரும்பாலும் ஆயுளைக் கொடுத்து ஆடம்பரத்தை வாங்குவதாக முடிகிறது. அப்படி வேகம் ஏற்றிய வண்டிகளின் முடிவை எங்கள் கொட்டகையிலேயே, பிளாக்கில் கை நுழையும் துவாரத்தோடு பார்த்திருக்கிறேன்.

அதற்காக இந்த எஞ்சினுக்கு வேகத்தில் பிரியம் இல்லை என்று யாரும் கருதிவிட வேண்டாம். நெடுமங்காடு, விதுர தாண்டிப் பொன்முடிக்கு ஏறும் பாதையில் இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகள். தாழ்ந்த சுற்றில் சாதுவாக, சற்றுச் சோம்பலாகக்கூட ஏறும் வண்டி, இரண்டாம் கியரில் நாலாயிரத்தைத் தாண்டியதும், நான்கு தொண்டைகளும் ஒன்றாக வாய்திறந்து ஒரு குரல் எழுப்பும். தேயிலைச் சரிவில் அந்தக் குரல் மோதித் திரும்பும். ஆசான் பக்கத்து ஸீட்டில், அதாவது வலப்பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்தால், "மூணாவது சிலிண்டர் கொஞ்சம் கம்மியா இழுக்கு" என்பார். வீடு திரும்பிப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவதன் நிறம் மற்றவற்றினின்று வேறுபட்டிருக்கும்.

இனி அந்த விவகாரம். 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் ஆதியில் குறித்தவற்றினின்று மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே, அதை அழுத்தந்திருத்தமாக உறுதிசெய்தது. சைலன்ஸரை ஓட்டை போட்டுக்கொண்டு நள்ளிரவில் கவடியாரில் பறப்பவர்களை நினைத்தால் அந்தத் தீர்ப்பை நான் வரவேற்கவே செய்கிறேன். 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனியாக விதி ஒன்று வகுத்தது: ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துக்களோடு தனிப் பதிவு எண். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுதல், ரிப்பேர் போன்ற காரியங்களுக்கு மட்டுமே அவ்வண்டி ரோட்டில் வரலாம். அன்றாட உபயோகத்துக்குக் கூடாது. இவ்வளவும் நியாயம். ஆனால், சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது.

என் வண்டிக்கு 2022-இல் ஐம்பது வயது நிரம்பியது. நண்பர்கள் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். செம்புக் கேஸ்கெட், தும்பாக்காரர் தேய்த்த ஷிம்கள், மாருதி விசிறி, எலெக்ட்ரானிக் இக்னிஷன், பெரிய ஜெட்டுகள் ஆகிய இத்தனையையும் ஒளித்துவிட்டு மாற்றம் ஏதும் இல்லை என்று கையெழுத்திட எனக்கு மனம் ஒப்பவில்லை, விண்ணப்பிக்கவில்லை. சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்து வருகிறேன். இறக்குமதியான காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 15,000 ரூபாயிலிருந்து 40,000 ஆயிற்று. ஒரு திருகும் மாற்றாமல் ஐம்பது வருஷம் ஷெட்டில் உறங்கிய வண்டிக்கு மரியாதையும், மாற்றி மாற்றி ஓட வைத்த வண்டிக்கு அபராதமும் என்றால், இந்த ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது என்றே சொல்வேன்.

விதியைத் திருத்தும் அதிகாரம் படைத்தவர்கள், எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியே இருந்து, குதிரைச் சக்தியை ஏற்றும் நோக்கமின்றி, பாகம் கிடைக்காமையாலும் பெட்ரோல் மாறினமையாலும் செய்த ரிப்பேர்களை மாற்றம் என்று கணக்கிடாமல் விட்டுவிட வேண்டும். இதற்குப் பெரிய சட்டத் திருத்தம் ஒன்றும் வேண்டியதில்லை. பழம்பெரும் வண்டிகளுக்கான அந்த 81ஏ விதியில் ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்.